உழக்கு

கெவேலார். கொரோனா வந்த வருஷத்து ஏப்ரல்.
அலுவலகம் பூட்டியாகிவிட்டது.
சமையல் மேசையில் மடிக்கணினி,
பக்கத்தில் பாதி உரித்த வெங்காயம்.
போனில் தொய்னிஸன்:
"அந்தப் பணத்துக்கு நானும் சேர்த்தியா?"

பன்னிரண்டு ஹெக்டேர் வெள்ளை அஸ்பாரகஸ்.
நம் சாத்தாவாரிக்கு ஒன்றுவிட்ட சகோதரம்.
நாம் கிழங்கைத் தோண்டுகிறோம், இவர்கள் தளிரைத் தின்கிறார்கள்,
அதுவும் மண்ணுக்குள் இருக்கும்போதே அறுத்து.
தலை நீட்டி வெயிலைப் பார்த்துவிட்டால்
நுனி ஊதாவாகும். கிலோவுக்கு இரண்டு யூரோ விழும்.

உணவகங்கள் அடைப்பு.
டுயிஸ்பேர்க் மொத்த வியாபாரி போனை எடுப்பதில்லை.
ருமேனியாவிலிருந்து வரவேண்டிய பதினெட்டுப் பேரில்
விமானம் ஏறப்போவது ஏழு.
காரணம் எழுதுக, இருநூறு எழுத்துக்குள் என்றது படிவம்.
"பயிர் காத்திருக்காது என்று எழுதுங்கள்" என்றார்.
கொள்முதல் வீழ்ச்சி என்று எழுதினேன்.

மூன்றாம் நாள் ஒன்பதாயிரம் யூரோ.
"வடிகால் குழாய் பதிக்க
அனுமதி கேட்டு இரண்டு வருஷம் நடந்தேன்.
இது மூன்று நாளா?"
எவனோ மோசடிக்காரன் போட்ட பணம் என்று
வங்கியை இரண்டு முறை கேட்டார்.

அது போன இடம் எனக்குத் தெரியும்,
ரசீதுகளில் துளை போட்டவள் நான்:
ஏழு விமானச் சீட்டு,
அறைக்கு இருவர்தான் என்றதால்
வாடகைக்கு எடுத்த கொள்கலன் வீடுகள்,
நாற்பது லிட்டர் கிருமிநாசினி
(பாதி இன்னும் கொட்டகையில்), டீசல்.
மெக்டில்டின் கடைவாய்ப் பல்லுக்கு நானூறு.
அதை வேறு கோப்பில் வைத்தேன்.

மே மாதம் யாரும் எதிர்பாராதது நடந்தது.
வீட்டில் அடைந்து கிடந்த சனம் காரேறி வந்தது.
பண்ணை வாசலில் சுண்ணாம்புக் கோடுகளில் நின்று
கிலோ கிலோவாக வாங்கியது.
மெக்டில்ட் முகக்கவசத்துக்குள் சிரித்தது
கண்ணில் தெரிந்தது.
பின்வயலில், அறுக்க ஆளில்லாத ஐந்து ஹெக்டேர்
மயிர் மயிராகப் பச்சை விரித்து
இடுப்புயரம் நின்றது.

இரண்டு வருஷம் கழித்துக் கடிதம்.
தங்கள் பற்றாக்குறையைக் கணக்கிடுக.
ஏப்ரல், மே, ஜூன் வரவு.
அதே மூன்று மாதச் செலவு.
உரிமையாளரின் சாப்பாடு செலவில் சேராது.

யோவான் திருநாளோடு கத்தியைக் கீழே வைக்கிற பயிர்.
வருஷத்து வரவெல்லாம் அந்தப் பத்து வாரம்தான்.
மற்ற நாற்பத்திரண்டு வாரத்துக்குக்
கடிதத்தில் கட்டமே இல்லை.
மூன்று முறை கூட்டிப் பார்த்தேன்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது.
அது உழுதவன் பார்க்கும் கணக்கு.
அரசாங்கம் பார்த்ததில் மிஞ்சியது
ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு யூரோ.
திருப்பிக் கட்ட வேண்டியது.

சொல்ல நேரில் போனேன்.
டிராக்டருக்கு அடியில் இருந்தார், வெளியே வரவில்லை.
இரண்டு பூட்ஸ்களிடம் சொன்னேன்.
ஸ்பானர் நின்றது, மறுபடி சுற்றியது.
"இதற்கு நான் சம்மதம் கொடுத்தேனா?"
"கொடுத்தீர்கள். ஏழாம் பக்கம்."
"நீங்கள் படித்தீர்களா?"

வெங்காயம் காய்கிறதே என்று
வேகமாகக் கீழே இழுத்துவிட்ட பக்கம் அது.

மாதம் இருநூற்று எண்பத்தைந்து, இருபத்துநான்கு தவணை,
கடைசியில் இரண்டு யூரோ கூட.
அனுப்பும் காரணத்தில் கோப்பு எண் போதும்.
அவர் எண்ணுக்குப் பின்னால் எதையாவது சேர்க்கிறார்.
நவம்பர்: மழை.
பெப்ரவரி: உறைபனி, குழாய் வெடித்தது.
மார்ச்: பாலிதீன் விரித்தாயிற்று.
டுசெல்டோர்ஃபில் படிப்பது இயந்திரம்தான்,
எண்ணைப் பொறுக்கிக்கொண்டு மீதியை விட்டுவிடும்.

மாதக் கணக்கு முடிக்கும்போது நான் படிக்கிறேன்.
ஏப்ரல் தவணை இன்று காலை போயிருக்கிறது:
ஊதா நுனி இந்த வருஷம் கொஞ்சம் அதிகம்.